பயிற்சி விமானங்கள் ஓடுபாதையிலேயே ஏன் அடிபடுகின்றன?

ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது: "மகள் கமர்ஷியல் பைலட் பயிற்சியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. பயிற்சி விமானம் ஓடுபாதையை விட்டு விலகியது, முன்சக்கரம் உடைந்தது என்று அடிக்கடி செய்தி பார்க்கிறேன். ஏன் பெரும்பாலும் இறங்கும்போதே இப்படி நடக்கிறது? விமானத்தில் கோளாறா, சொல்லிக்கொடுப்பதில் கோளாறா? போன வாரம் ஃபோனில், 'இன்னிக்கு ரெண்டு தடவை இறங்க முடியாம கோ அரவுண்ட் பண்ணிட்டேன்ப்பா' என்றாள். அது ஆபத்தின் அறிகுறியா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது ஆபத்தின் அறிகுறி இல்லை. இரண்டு முறை இறங்காமல் மேலே போனாள் என்றால் இரண்டு முறை நல்ல முடிவு எடுத்திருக்கிறாள். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது கீழே வரும். சிறிய விமானங்களில் இன்ஸ்ட்ரக்டராக வலது இருக்கையில் உட்கார்ந்தே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் ஓடுபாதையில்? முதல் காரணம் எளிது. மாணவர்கள் அங்கேதான் அதிகம் புழங்குகிறார்கள். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் விமானத்தின் பைலட் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்குகிறார். உங்கள் மகள் இப்போது பறந்துகொண்டிருப்பது சர்க்யூட். அதாவது ஓடுபாதையிலிருந்து கிளம்பி, தரையிலிருந்து சுமார் ஆயிரம் அடி உயரத்தில் செவ்வகமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவது. சக்கரம் தரையைத் தொட்டு ஓடும்போதே மறுபடி பவர் கொடுத்துக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு டச் அண்ட் கோ என்று பெயர். ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஏழு, எட்டு முறை இறங்கிவிடலாம். பறப்பதிலேயே மிகவும் நுணுக்கமான வேலை எதுவோ அதை, அதில் கை பழகாத ஒருவர், திரும்பத் திரும்பச் செய்கிறார். அடி விழுவது அங்கே அதிகமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் இடம். மூவாயிரம் அடி உயரத்தில் ஒரு தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. ஓடுபாதைக்கு மேலே பத்தடியில் அந்த வசதி கிடையாது.

பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சிறு விமான விபத்துகளைப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதில் எண்ணிக்கையில் முன்னிற்பது இறங்கும்போது நடக்கும் விபத்துகள்தான். ஆனால் உயிர் போவது அவற்றில் மிகவும் குறைவு. வளைந்த புரொப்பெல்லர், மடங்கிய முன்சக்கரம், புல்லில் ஏறி நிற்கும் விமானம், கதவைத் திறந்துகொண்டு தானே இறங்கி வரும் மாணவர். செய்தியில் 'விபத்து' என்று வருவது பெரும்பாலும் இதுதான். உயிரைக் குடிக்கும் விபத்துகள் வேறு வகை. கிளம்பிய உடனோ, தாழ்வாகத் திரும்பும்போதோ வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விழுவது. ஸ்டால் என்று சொல்வது அதைத்தான். 2020 ஜூனில் ஒடிசாவின் தேன்கனால் மாவட்டத்தில் பிராசல் பயிற்சித் தளத்திலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு செஸ்னா விழுந்து இன்ஸ்ட்ரக்டரும் மாணவியும் இறந்தார்கள். அந்த மாணவி தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். இப்படியும் நடக்கிறது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் முன்சக்கரம் மடங்குவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சரி, ஓடுபாதைக்கு வருவோம். பயிற்சி விமானம் உடைவதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. மாணவர் செய்யும் முதல் தவறு விமானத்தை உடைப்பது அபூர்வம். அந்தத் தவறைச் சரிசெய்கிறேன் என்று அடுத்த இரண்டு நொடியில் கையும் காலும் செய்யும் காரியம்தான் உடைக்கிறது. இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் புரியும்.

செஸ்னா 172 என்று வைத்துக்கொள்வோம். 1956-இல் விற்பனைக்கு வந்த விமானம், உலகத்தில் அதிகம் தயாரிக்கப்பட்ட விமானமும் இதுதான். நான்கு இருக்கை, மேலே இறக்கை, மூன்று சக்கரம். இறக்கைக்குக் கீழே இருக்கும் இரண்டும் தடித்த, வளைந்து கொடுக்கும் கால்கள். மோசமான அடியையும் தாங்கும். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் மூன்றாவது சக்கரம் அப்படிப்பட்டதில்லை. அது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரோடு பிணைக்கப்பட்டது. தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவதற்காக இருப்பது. இறங்கும் எடையைத் தாங்குவது அதன் வேலையில்லை. புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு அடி இடைவெளிகூட இல்லை. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

மாணவர் சுமார் 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில், ஓடுபாதையை நோக்கி இறங்கி வருகிறார். தரையிலிருந்து பத்து, இருபது அடி உயரத்தில் மூக்கை மெதுவாகத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைத்து, விமானத்தைத் தரைக்கு மேலே கொஞ்ச நேரம் மிதக்கவிட வேண்டும். இதைத்தான் ஃப்ளேர் என்கிறோம். வேகம் தானாகக் குறைந்து, இறக்கை களைத்துப்போகும்போது பின்னாலிருக்கும் இரண்டு சக்கரமும் முதலில் தொடும். முன்சக்கரம் பிறகு மெதுவாக இறங்கும்.

பத்தடி எது, இருபதடி எது என்று கண் கற்றுக்கொள்வதற்கு நாளாகும். புது மாணவர் பெரும்பாலும் விமானத்தின் மூக்குக்கு முன்னால் பக்கத்திலேயே தரையைப் பார்ப்பார். அங்கே தரை வேகமாக ஓடி மங்கலாகத் தெரியும். உயரம் பிடிபடாது. ஃப்ளேர் தாமதமாகும். ஓடுபாதையின் கடைக்கோடிக்குப் பார்வையைக் கொண்டுபோகச் சொன்னால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும்.

தாமதமாகத் தூக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். சக்கரம் டம்மென்று தட்டுகிறது. விமானம் துள்ளி ஐந்தாறு அடி மேலே போகிறது. இதுவரை எதுவும் உடையவில்லை. பின்சக்கரங்களின் கால்கள் இதைத் தாங்கத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. இனிமேல்தான் விஷயம். மூக்கு மேலே நிற்கிறது, முன்னால் வானம் தெரிகிறது, வேகம் குறைந்துகொண்டே வருகிறது. மாணவரின் கை தன்னையறியாமல் கன்ட்ரோலை முன்னால் தள்ளும். தரையைத் தேடி எல்லாருடைய கையும் செய்கிற காரியம் அது. மூக்கு கீழே சாயும். இந்த முறை முதலில் தரையில் மோதுவது முன்சக்கரம். அது மூக்கை மறுபடி மேலே எற்றும். மாணவர் மறுபடி தள்ளுவார், ஆனால் கை போடும் நேரத்துக்குள் விமானம் வேறு நிலைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும். மூன்றாவது துள்ளலில் முன்சக்கரத்தின் கால் மடங்கி, புரொப்பெல்லர் தார்ச்சாலையைக் கொத்தி, எஞ்சின் அதிர்ச்சியோடு நிற்கும். முதல் தட்டிலிருந்து இது வரைக்கும் ஐந்து நொடி ஆகியிருந்தால் அதிகம்.

புரொப்பெல்லர் தரையில் பட்டுவிட்டால் எஞ்சினைக் கழற்றிப் பிரித்து உள்ளே பார்க்காமல் அந்த விமானத்தை மறுபடி பறக்க விடக் கூடாது. வெளியே நுனி மட்டும் வளைந்தது போலத் தெரியும். உள்ளே புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டில் விரிசல் இருக்கலாம். பல மாதம் விமானம் நிற்கும், பெரிய செலவு. ஆனால் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் முடிகிற விபத்து இது.

அந்தத் துள்ளலில் செய்ய வேண்டியது என்ன? சின்னத் துள்ளல் என்றால் மூக்கை இறங்கும் நிலையிலேயே அசையாமல் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி மெதுவாக உட்கார விடலாம். பெரிய துள்ளல் என்றால் முழு த்ராட்டில், மேலே போய்விட வேண்டும். யோசிக்கவே கூடாது. கோ அரவுண்ட் என்பது இதுதான். உங்கள் மகள் ஃபோனில் சொன்னது.

அடுத்தது வேகம். பயத்தில் மாணவர்கள் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். 'எதுக்கும் பத்து நாட் அதிகமா இருக்கட்டும்' என்ற எண்ணம். 65-க்குப் பதிலாக 75 நாட்டில் வந்தால் விமானம் சுமந்து வரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்த ஆற்றல் எங்கேயாவது செலவாகியாக வேண்டும். விமானம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும், தொடாது. ஓடுபாதை கண்முன்னே தீர்ந்துகொண்டிருக்கும். பொறுமை இழந்த மாணவர் விமானத்தைத் தரையில் வைத்து அழுத்துவார். இறக்கையில் இன்னும் தூக்கும் சக்தி மிச்சம் இருப்பதால் பின்சக்கரங்களில் எடை இறங்காது. முழு விமானமும் முன்சக்கரத்தின் மேல் நின்றபடி ஓடும். அப்போது பெடலை லேசாக மிதித்தாலும் விமானம் வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பிவிடும். 'இறங்கிய பிறகு கட்டுப்பாட்டை இழந்து ஓடுபாதையிலிருந்து விலகியது' என்று நீங்கள் படிக்கும் பல செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பிரேக் கோளாறு இல்லை, கூடுதலாக வைத்துக்கொண்ட இந்தப் பத்து நாட்தான்.

காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். கையில் சக்கரம் மாதிரி ஒன்று இருக்கிறது, விமானம் இடப்பக்கம் இழுக்கிறது, உடனே கை வலப்பக்கம் திருப்புகிறது. தரையில் அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் இறக்கையின் ஓரத்தில் உள்ள பலகைகள்தான் அசையும். விமானம் திரும்பாது. தரையில் திருப்புவது காலால், ரட்டர் பெடலால். அதே பெடலின் மேல்பகுதியை விரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் பிரேக் பிடிக்கும். பதற்றத்தில் காலை முழுதாகத் தூக்கிப் பெடல் மேல் வைத்திருக்கும் மாணவர், தெரியாமலேயே ஒரு பக்கத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பார். டயர் தேய்ந்து வெடிக்கும் அல்லது விமானம் பிரேக் பிடித்த பக்கத்துக்குப் பாயும். நான் முதல் நாளிலிருந்தே குதிகாலைத் தரையில் வைக்கச் சொல்லிவிடுவேன். குதிகால் தரையில் இருந்தால் விரல் பிரேக்குக்கு எட்டாது. வேண்டும்போது மட்டும் காலை மேலே நகர்த்திக்கொள்ளலாம்.

பக்கக் காற்று இதோடு சேரும்போது சிக்கல் இரட்டிப்பாகும். செஸ்னா 172-இன் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று போட்டிருக்கும். கம்பெனியின் சோதனை விமானி அவ்வளவு காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதுதான் அதன் பொருள். இருபது மணி நேரம் பறந்த மாணவர் அதைச் செய்ய முடியும் என்று அந்த எண் சொல்லவில்லை. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்துக் காலால் மூக்கை ஓடுபாதையோடு நேராக வைத்து, ஒரு சக்கரத்தில் முதலில் இறங்க வேண்டும். மாணவர்களில் பலர் இதுவரை நன்றாகவே செய்துவிடுவார்கள். சக்கரம் தொட்டதும் 'அப்பாடா' என்று கையைத் தளர்த்துவார்கள். அந்த நொடியில்தான் காற்று இறக்கையைத் தூக்கும். விமானம் நின்று, எஞ்சின் அணையும் வரைக்கும் இறங்குவது முடியவில்லை என்று மண்டையில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய பாடம் இது.

நம் நாட்டில் வெயிலும் ஒரு கணக்கு. பகல் ஏற ஏற ஓடுபாதையின் தார் சூடாகி மேலே காற்று கொதித்தெழும். இறங்கி வரும் சிறிய விமானத்தை அது தூக்கும், அடுத்த நொடி புல் தரைக்கு மேலே வந்ததும் கீழே விடும். புது மாணவரைக் காலையில் முதல் வேளையில் பறக்க விடுவது இதனால்தான். உங்கள் மகள் விடியுமுன் எழுந்து ஓடுவதாகப் புலம்பினால் அந்தப் பள்ளி ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோ அரவுண்ட். இறங்குவது சரியாக அமையவில்லை என்று தோன்றினால் விட்டுவிட்டு மேலே போய், சுற்றி வந்து மறுபடி முயல்வது. மேலே நான் சொன்ன அத்தனை விபத்துகளும், துள்ளல், மிதப்பு, காற்று எல்லாமே, இந்த ஒரு முடிவை நேரத்துக்கு எடுத்திருந்தால் விபத்தே ஆகியிருக்காது. ஆனாலும் மாணவர்கள் எடுக்கத் தயங்குகிறார்கள். 'இவனுக்கு இறக்கத் தெரியல' என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்களே என்ற கூச்சம். பறக்கும் மணிக்குப் பணம் கட்டுகிறோமே, ஒரு சுற்று வீணாகிறதே என்ற கணக்கு. பூப்போல இறக்கியவனைத் தோளில் தட்டும் பழக்கம் எல்லா ஃப்ளையிங் கிளப்பிலும் இருக்கிறது. சரியான நேரத்தில் விட்டுவிட்டுப் போனவனைத் தட்டிக்கொடுக்கும் பழக்கம் அவ்வளவாக இல்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

ஆனால் கோ அரவுண்ட் என்பது த்ராட்டிலைத் தள்ளினால் முடிந்துவிடும் வேலையும் இல்லை. அதைத் தனியாகப் பழக வேண்டும். இறங்கி வரும்போது விமானம் குறைந்த வேகத்தில் கை விட்டாலும் நிலையாகப் பறக்கும்படி டிரிம் செய்யப்பட்டிருக்கும், மெதுவாகப் பறக்க உதவும் இறக்கையின் பின்விளிம்புப் பலகையான ஃபிளாப் முழுதாக இறங்கியிருக்கும். திடீரென்று முழுப் பவர் கொடுத்தால் மூக்கு தானாகவே மேலே ஏறும். பலமாக முன்னால் பிடிக்காவிட்டால் சில நொடியில் ஸ்டால் வேகத்துக்குப் போய்விடும். கூடவே புரொப்பெல்லரின் சுழற்சியால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலை அழுத்த வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக ஏற்றினால் விமானம் அமுங்கும். 30 டிகிரியிலிருந்து 20, வேகம் வந்த பிறகு 10, அப்புறம்தான் முழுவதும். இது அத்தனையும் தரைக்குப் பக்கத்தில், கை நடுங்கும் நேரத்தில் நடக்க வேண்டும். மாதம் ஒரு முறை பேருக்குச் செய்தால் போதாது. இன்ஸ்ட்ரக்டர் எதிர்பாராத நேரத்தில் 'கோ அரவுண்ட்' என்று சொல்ல, மாணவர் நன்றாக வந்துகொண்டிருக்கும் இறக்கத்தைக்கூட விட்டுவிட்டுப் போகிற அளவுக்குப் பழக வேண்டும்.

இதில் ஒரு துயரமான சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் சவுத்எண்ட் விமான நிலையத்தில் 16 வயது மாணவர் ஒருவர் செஸ்னா 150-இல் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். தனியாகப் பறப்பது அவருக்கு அது இரண்டாவது முறை. பின்னால் வேகமான விமானம் ஒன்று நெருங்கவே, கட்டுப்பாட்டுக் கோபுரம் அவரை இறங்காமல் விலகிப் போகச் சொன்னது. வழக்கமான கோ அரவுண்ட் என்றால் நேராக ஏறுவது, அதை அவர் பழகியிருப்பார். சொல்லப்பட்டது தாழ்வான உயரத்தில் திரும்பி விலகும்படி. இறங்குவதற்கான அமைப்பிலேயே திரும்பும்போது வேகம் போய், விமானம் ஸ்டாலாகி விழுந்தது. மாணவர் இறந்துவிட்டார். அவருடைய பயிற்சியும் அனுபவமும் தயார் செய்திராத ஒரு நிலைமையில் அவர் வைக்கப்பட்டார் என்பதுதான் பிரிட்டிஷ் விசாரணையின் சாரம். இன்று பிரிட்டனில் தனியாகப் பறக்கும் மாணவர் ரேடியோவில் தன் விமானத்தின் பெயருக்கு முன்னால் 'ஸ்டூடன்ட்' என்று சேர்த்துச் சொல்கிறார். கோபுரத்தில் இருப்பவருக்கு மறுமுனையில் யார் என்று தெரிந்துவிடும்.

தனியாகப் பறப்பது, அதாவது சோலோ, உங்கள் மகளுக்கும் வரும் அல்லது ஏற்கெனவே வந்திருக்கும். முதல் சோலோவில் விமானமே வேறு மாதிரி நடந்துகொள்ளும். வலது இருக்கையில் எழுபது, எண்பது கிலோ எடை இல்லை. முந்தைய சுற்றில் ஏறியதைவிட வேகமாக ஏறும். சர்க்யூட் உயரம் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடும். இறங்கும்போது இன்னும் கொஞ்ச நேரம் மிதக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பினால், 'ஏதோ தப்பாகிறது' என்று மாணவர் நினைத்துக் கையைப் போட ஆரம்பிப்பார். மறுபடி அந்த இரண்டு நொடிக் கதைதான்.

இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதும் ஓடுபாதையில் விபத்து நடக்கிறதே, அது எப்படி என்று கேட்பீர்கள். அது இந்தத் தொழிலின் மிகக் கடினமான இடம். மாணவர் தானே திருத்திக்கொள்ள விட வேண்டும், இல்லாவிட்டால் கற்கமாட்டார். கொஞ்சம் அதிகமாக விட்டால் திருத்த நேரம் இருக்காது. இந்தக் கோட்டை ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட வேண்டும். களைத்துப்போன இன்ஸ்ட்ரக்டருக்கு அந்தக் கோடு தெரியாது. ஒரே நாளில் பல மாணவர்களோடு மாறி மாறிப் பறந்தவர், மாலைச் சர்க்யூட்டில் அரை நொடி தாமதமாகக் கையை நீட்டினால் போதும். இன்னொரு பிரச்சினை, யார் கையில் விமானம் என்ற குழப்பம். இன்ஸ்ட்ரக்டர் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்றால் மாணவர் 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று வாயால் சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். பயத்தில் உறைந்த மாணவர் இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டால், பலசாலியான இன்ஸ்ட்ரக்டரும் திணறித்தான் போவார். அதனால்தான் பத்தடி உயரத்தில் கத்தும் இன்ஸ்ட்ரக்டர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கத்தினால் பிடி இறுகும்.

ஓடுபாதையில் தனியாக இருப்பதும் இல்லை. ஒரு சின்னத் தளத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து மாணவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். 2025 ஜூலையில் கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஸ்டைன்பாக் அருகே, இறங்கிப் பழகிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களின் செஸ்னாக்கள் ஓடுபாதைக்குச் சற்றுத் தள்ளி வானிலேயே மோதின. இருவருமே இறந்தார்கள். ஒருவர் கேரளத்து இளைஞர். மேலே இறக்கை வைத்த செஸ்னாவில் திரும்பும்போது, திரும்பும் பக்கத்தை இறக்கையே மறைத்துவிடும். அதனால் ஓடுபாதையை நோக்கிக் கடைசியாகத் திரும்புவதற்கு முன்னால் இறக்கையை லேசாகத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ரேடியோவில் எல்லாரும் சரியாகச் சொல்கிறார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது.

விமானத்தில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். சில சமயம் ஆம். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெவர்லி விமான நிலையத்தில் 17 வயது மாணவி முதல் சோலோவுக்குக் கிளம்பியபோது, பைப்பர் விமானத்தின் வலது சக்கரம் கழன்று ஓடுபாதையிலேயே விழுந்துவிட்டது. மேலே இருந்த மாணவியிடம் அவருடைய இன்ஸ்ட்ரக்டர் ரேடியோவில் பேசிப் பேசி, பழகிய இறக்கத்தையே செய்ய வைத்தார். காயமில்லாமல் இறங்கினார். ரேடியோவில் அந்தக் குரல் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, தெரிந்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தியது. பயிற்சி என்பது இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

ஆனால் பயிற்சிப் பள்ளிகளில் என்னைக் கவலைப்படுத்தும் கோளாறு வேறு. டம்மென்று இறக்கிய மாணவர் அதை வெளியே சொல்லாமல் விமானத்தை நிறுத்திவிட்டுப் போவது. சொன்னால் திட்டு விழும், சோலோ தள்ளிப்போகும், சில இடங்களில் பழுதுச் செலவை மாணவர் தலையில் கட்டுவார்கள் என்ற பயம். அடுத்த மாணவர் அந்த விமானத்தில் ஏறுவார். முந்தைய அடியில் பாதி விட்டுப்போன முன்சக்கரக் கால், இவருடைய சாதாரண இறக்கத்தில் மடங்கும். பெயர் இவருக்கு.

அதனால் பறப்பதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது உங்கள் மகள் சம்பிரதாயத்துக்குப் பார்க்கக் கூடாது. முன்சக்கரத்துக்கு மேலே, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா? ரிவெட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருக்கிறதா, கறுப்பாகப் புகை படிந்தது போல இருக்கிறதா? ரிவெட் தளர்ந்து உரசுவதன் அடையாளம் அது. முன்சக்கரக் காலில் பளபளப்பான குழாய் வழக்கமான அளவு வெளியே தெரிகிறதா, எண்ணெய் கசிகிறதா? புரொப்பெல்லர் நுனிகளை விரலால் தடவினால் புதுக் கீறல் தட்டுப்படுகிறதா? டயரில் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா? யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்தால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

பள்ளியில் நீங்கள் விசாரிக்க வேண்டியதும் இதையொட்டித்தான். எத்தனை விமானம் இருக்கிறது, சிமுலேட்டர் எப்படி என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். நீங்கள் வேறு சில கேள்விகள் கேளுங்கள். சோலோ மாணவருக்குப் பக்கக் காற்று எத்தனை நாட் வரைக்கும் அனுமதி, அது எழுத்தில் இருக்கிறதா? ஒரு மாணவர் பலமாக இறக்கிவிட்டேன் என்று தானே வந்து சொன்னால் பள்ளி என்ன செய்யும்? பழுதுச் செலவு யாருடையது? இன்ஸ்ட்ரக்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார்? சோலோ நடக்கும்போது கீழே ரேடியோவோடு ஒருவர் நின்று பார்க்கிறாரா? ஓடுபாதையைச் சுற்றி வேலி முழுதாக இருக்கிறதா, நாயும் மாடும் உள்ளே வருகின்றனவா? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் நம் ஊர் சிறு தளங்களில் இறங்கும் கடைசி நொடியில் குறுக்கே ஒரு நாய் ஓடினால் அதுவும் கோ அரவுண்ட்தான்.

இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல், ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்லும் பள்ளியில் என் வீட்டுப் பிள்ளையையும் சேர்ப்பேன். 'அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்' என்று மட்டும் சொன்னால் இன்னொரு இடம் பார்க்கத் தொடங்குங்கள். இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் எவ்வளவு முடிந்திருந்தாலும் மீதியை வேறு பள்ளியில் தொடரலாம், மணிக்கணக்கு அவளுடைய லாக்புக்கில்தான் இருக்கிறது.